நிலத்தின் குறையும் நீரின் நிறைவும்

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெட்டிய கிணற்றிலே இளநீர் போன்ற தண்ணீர் ஊறுகிறது. மேற்கே பல மைல் தள்ளி, கடலின் வாடையும் எட்டாத கற்பாங்கான நிலத்திலே, அரும்பாடுபட்டுத் தோண்டினாலும் பாறைதான் தட்டுகிறது. மேகம் எட்டிப் பாராத சகாராப் பாலைவனத்தின் அடியிலோ ஒரு நன்னீர்ச் சமுத்திரமே கிடக்கிறது. மழை பெய்யும் இடத்தில் நீர் இருக்கும், பெய்யாத இடத்தில் இராது என்ற எளிய கணக்கு ஏன் இப்படிப் பொய்த்துப் போகிறது?

வகுப்பிலே மாணவர் அடிக்கடி எழுப்பும் வினா இது. காரைதீவிலும் கல்முனையிலும் நிந்தவூரிலும் கிணற்று நீரை அள்ளிக் குடித்து வளர்ந்த நமக்கு இது வெறும் பாட வினாவும் அன்று. நம் வீட்டு முற்றத்துக் கிணறு நாளைக்கும் இனிக்குமா, உவர்க்குமா என்பது இதன் விடையிலேதான் தங்கியிருக்கிறது. ஆதலின் சற்று ஆழமாகவே தோண்டிப் பார்ப்போம்.

பாறை என்னும் பாத்திரம்

நீரைத் தருவது மழை. தந்த நீரை ஏந்திக் கொள்வது பாறை. எவ்வளவு பால் கறந்தாலும் ஏந்துகின்ற செம்பு எத்தகையது என்பதைப் பொறுத்தே வீட்டுக்கு வந்து சேரும் பாலின் அளவு அமையும். தரைக்கீழ் நீரின் கதையும் அதுவே.

நம் இலங்கைத் தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. அவை ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னரே புவியின் ஆழத்தில் வெந்து, அழுந்தி, இறுகிப் போனவை. கிழக்கு மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளமாயுள்ள பாறைகளைப் புவிச்சரிதவியலார் விஜயன் தொகுதி என்பர். இத்தகைய வன்பாறையினுள்ளே நீர் தங்குவதற்கு இடமில்லை. மேலே உக்கி மண்ணாகிய சிறு படையிலும், ஆங்காங்கே விழுந்த வெடிப்புகளிலுமே சிறிது நீர் நிற்கும். வெடிப்பிலே கிணறு அமைந்தால் அதிர்ஷ்டம். இரண்டடி தள்ளி அமைந்தால் வறட்சி.

அடையற் பாறையின் இயல்பு வேறு. ஆறுகளும் கடலும் காற்றும் கொணர்ந்து குவித்த மணலும் களியும் சுண்ணாம்பும் படை படையாகப் படிந்து இறுகியதே அடையற் பாறை. மணற்கல்லிலே மணிக்கு மணி இடைவெளி உண்டு. சுண்ணாம்புக்கல்லிலே நீர் கரைத்த குகைகளும் துளைகளும் உண்டு. இவற்றினுள்ளே நீர் புகும், தங்கும், மெல்ல மெல்ல நகரும். மேலும் கீழும் களிப்படை அமைந்துவிட்டால், மூடியிட்ட குடத்துத் தண்ணீர்போல அந்நீர் காலங்காலமாகக் காக்கப்படும்.

நம் முன்னோர் வன்னியிலும் கிழக்கிலும் ஊருக்கொரு குளம் கட்டியதன் காரணமும் இங்கே விளங்கும். நிலத்தின் கீழே போதிய பாத்திரம் இல்லாத நாட்டிலே அவர்கள் நிலத்தின் மேலே பாத்திரம் செய்தனர். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து எழுந்த சேனநாயக்க சமுத்திரமும் அதே மரபின் பெரிய வடிவங்கள். நம்மூரின் மேற்கே விரிந்த வயல்கள் பசுமையாய் நிற்பது இந்த மேற்பாத்திரத்தின் தயவினாலேயே.

குறையின் முத்தொழில்

பாத்திரம் இருக்கட்டும். அதனை வனைந்த குயவன் யார்?

புவியோட்டினைப் பெரும் விசைகள் இழுக்கும்போதும் நெருக்கும்போதும் பாறை பிளக்கின்றது. பிளந்த பின் ஒரு பக்கம் கீழே இறங்கலாம், மேலே ஏறலாம், பக்கவாட்டில் நழுவவும் கூடும். இவ்வாறு பெயர்ந்த பிளவினை நம் புவியியல் நூல்கள் ‘குறை’ என்று குறிக்கும். பெயரிலே குறை, செயலிலோ நிறைவும் உண்டு. தரைக்கீழ் நீரைப் பொறுத்தவரை இக்குறை மூன்று தொழில்களைச் செய்கிறது. கிண்ணம் வனைகிறது, வாய்க்கால் வெட்டுகிறது, அணை கட்டுகிறது.

முதற்றொழிலைப் பாண் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். ஒரு இறாத்தல் பாணை மூன்று துண்டாக வெட்டி ஒட்டி வைத்து, நடுத்துண்டை மட்டும் இரண்டங்குலம் கீழே இறக்குங்கள். இருமருங்கும் சுவர், நடுவே பள்ளம். புவியோடு இழுபட்டு இரு குறைகளுக்கு நடுவே நிலம் தாழும்போது உண்டாகும் பள்ளமும் இதுவே. சுற்றியுள்ள மேட்டு நிலத்தின் மணலையும் களியையும் ஆறுகள் அப்பள்ளத்திற் கொண்டுவந்து கொட்டும். பாரம் கூடக் கூடப் பள்ளம் மேலும் தாழும். தாழத் தாழ மேலும் படியும். இவ்வாறு ஆயிரக்கணக்கான அடி தடிப்புள்ள அடையல்கள் திரண்ட கிண்ணத்தையே அடையல் வடிநிலம் என்கிறோம்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள தப்போவை, ஆண்டிகம ஆகிய இடங்களில் யுராசிக் காலத்து அடையற் பாறைகள் சிறு திட்டுகளாகக் காணப்படுகின்றன. மாபெரும் ஊர்வன விலங்குகள் உலகை ஆண்ட காலத்துச் செடிகொடிகளின் சுவடுகள் அவற்றிலே பதிந்திருக்கின்றன. அக்காலத்து அடையல்களை மழையும் வெயிலும் வேறிடங்களில் அரித்துவிட்டிருக்க, குறைகளினாலே தாழ்ந்து போன இத்துண்டுகள் மட்டும் பத்திரமாகத் தப்பின.

யாழ்ப்பாணம் முதற் புத்தளம்வரை வடமேற்குக் கரையோரமாகக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் இதனிலும் இளையது, மயோசீன் காலத்தது. அதனைக் குறைகள் ஊடறுத்துத் தனித்தனிப் பாளங்களாகப் பிரித்திருக்கின்றன. அவ்வாறு பிரிந்த ஏழு தரைக்கீழ் நீர் வடிநிலங்கள் அக்கரையிலே இனங்காணப்பட்டுள்ளன. வனாத்தவில்லும் முருங்கனும் அவற்றுட் சில. இறுக மூடிய படைகளினுள்ளே நீர் அழுத்தத்தோடு கிடப்பதால், துளையிட்டால் தானாகவே மேலெழும் கிணறுகளும் அப்பக்கம் உண்டு. அங்கே குறை செய்த உபகாரம் அது.

பாலையின் முதுசொம்

இனிப் பாலைவனத்துக்குச் செல்வோம்.

பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது தமிழ்ச் சான்றோர் கண்ட உண்மை. இன்றைய அறிவியல் சகாராவைப் பற்றிச் சொல்வதும் ஏறக்குறைய இதுவே. சுமார் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை அந்நிலத்திற் புல்வெளிகளும் ஏரிகளும் இருந்தன. பாறைக் குகைகளிலே ஒட்டகச்சிவிங்கியும் மாட்டு மந்தையும் தீட்டி வைத்தவர்கள் அக்காலத்து மாந்தர். அதற்கு முன்னும் பலமுறை சகாரா பசுமையாகி, மீண்டும் வறண்டது. பசுமையான காலங்களிற் பெய்த மழை கீழிறங்கி மணற்கற் படைகளுள்ளே தங்கிவிட்டது.

எகிப்து, லிபியா, சூடான், சாட் ஆகிய நான்கு நாடுகளின் கீழே பரந்து கிடக்கும் நூபிய மணற்கற் படை ஏறக்குறைய இருபது இலட்சம் சதுர கிலோமீற்றர் பரப்புடையது. நம் இலங்கையைப் போல் முப்பது மடங்கு! அதிலுள்ள நீரின் வயதைக் கிறிப்தன் என்னும் வாயுவின் கதிரியக்க வகையைக் கொண்டு அளந்த ஆய்வாளர், எகிப்தின் மேற்குப் பாலையிற் சில கிணறுகளின் நீர் பத்து இலட்சம் ஆண்டுகளை எட்டும் பழைமையுடையது எனக் கண்டனர். மனித குலம் நெல்லை அறியுமுன், நெருப்பை ஆளக் கற்ற காலத்தையொட்டிப் பெய்த மழை அது!

லிபியாவிலே 1950 களில் எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் எண்ணெயோடு இந்நீரையும் கண்டனர். 1984 இல் அந்நாடு ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. பாலைவனத்தின் நடுவிலுள்ள வடிநிலங்களில் நூற்றுக்கணக்கான ஆழ்கிணறுகள் தோண்டி, ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய பருமனுள்ள சீமெந்துக் குழாய்களின் வழியாக நீரைக் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டு வந்தனர். 1991 இல் நீர் பெங்காசியை அடைந்தது. 1996 இல் திரிப்போலியை அடைந்தது.

சவூதி அரேபியாவின் அனுபவம் நமக்குப் பெரிய பாடம். அந்நாடு மணற்கற் படைகளின் பழைய நீரை இறைத்து 1980 களிற் பாலையிலே கோதுமை விளைத்தது. 1990 களின் தொடக்கத்திற் கோதுமை ஏற்றுமதி செய்யும் நாடுகளின் வரிசையிலும் இடம்பெற்றது. உலகம் வியந்தது. ஆயினும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே சென்றது. புதிய மழை அதனை ஈடுசெய்யவில்லை. 2008 இல் அரசு கோதுமைக் கொள்வனவைப் படிப்படியாகக் குறைக்கத் தீர்மானித்தது. 2016 இல் அது நின்றது. பின்னர் அளவோடுதான் மீண்டும் இடங்கொடுத்தனர்.

நம்மவர் குடும்ப வழக்கிலே தேட்டம் என்றும் முதுசொம் என்றும் இரண்டு சொற்கள் உண்டு. தாமே உழைத்துச் சேர்த்தது தேட்டம். முன்னோர் விட்டுச் சென்றது முதுசொம். பாலைவனத்து நீர் முழுவதும் முதுசொம். அதிலே ஒரு குடம் அள்ளினால் ஒரு குடம் குறையும். மழையால் ஆண்டுதோறும் நிரம்பும் நீரோ தேட்டத்தைப் போன்றது. முதுசொத்தைத் தேட்டமென்று எண்ணிச் செலவு செய்த குடும்பத்துக்கு நேர்வது எதுவோ, அதுவே நாட்டுக்கும் நேரும்.

பாறை வெடிப்பிற் பிறந்த தீர்த்தங்கள்

குறையின் இரண்டாம் தொழில் வாய்க்கால் வெட்டுதல். பாறை பெயர்ந்த இடத்திலே நொருங்கிய கற்களுக்கிடையே நீர் ஆழத்துக்கு இறங்கும். அவ்வழியே மேலே வரவும் செய்யும். ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் புவியின் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை செல்சியசு கூடுகிறது. ஆழ்ந்து சென்ற மழைநீர் அங்கே கொதிப்பேறி, மற்றொரு வெடிப்பின் வழியே மேலே வந்தால் அதுவே வெந்நீரூற்று.

திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாய் ஏழு கிணறுகளை அறியாத தமிழர் இலர். இராவணனோடு தொடர்புடையதாகக் கூறப்படும் அத்தீர்த்தத்திலே நீத்தாருக்குக் கடன் கழிப்பது வழக்கம். நம் அம்பாறை மாவட்டத்து மகாஓயாவிலுள்ள வெந்நீரூற்று இந்நாட்டின் மிகச் சூடான ஊற்றுகளுள் ஒன்று. இலங்கையிலே எரிமலை இல்லை. எனினும் இவ்வூற்றுகள் பெரும்பாலும் மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்கு விஜயன் தொகுதியும் ஒன்றையொன்று முட்டும் எல்லையை ஒட்டிய வெடிப்புகளிலே காணப்படுகின்றன.

நம் அயலூர்களிலிருந்து ஹஜ் யாத்திரை சென்று திரும்புவோர் உற்றார்க்கும் அயலார்க்கும் ஸம்ஸம் நீர் கொணர்ந்து தருவர். அக்கிணற்றின் அமைப்பும் இவ்விடத்திற் கூறத்தக்கது. அதன் ஆழம் ஏறக்குறைய 30 மீற்றர். மேற்பாதி பள்ளத்தாக்கின் மணலும் பரலும் கலந்த படையிலே அமைந்தது. கீழ்ப்பாதி வன்பாறையைக் குடைந்து சென்றது. பாறையிலுள்ள வெடிப்புகளின் வழியாகவும் நீர் கிணற்றுள் வருகிறது. ஒரு சாராருக்குக் கன்னியாயும் மறு சாராருக்கு ஸம்ஸமும் புனிதமாயின. நீரின் அருமை தெரிந்த மக்கள் நீரூறும் பாறையை வணங்கத்தக்க இடமாகவே கண்டனர்.

அணையே எமனாதல்

மூன்றாவது தொழில் அணை கட்டுதல். பாறைப் பாளங்கள் ஒன்றோடொன்று உரசும்போது இடையிலுள்ள கல் மாவாக அரைபட்டுக் களிபோலாகி விடுவதுண்டு. அக்களிச்சுவர் நீரை ஊடுருவ விடாது. மலையிலிருந்து நிலத்தின் கீழே வரும் நீர் அச்சுவரில் முட்டி மேலே எழும்பும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே சான் அந்திரேயாசு என்ற புகழ்பெற்ற குறை பாலை நிலத்தை ஊடறுத்துச் செல்கிறது. சுற்றிலும் பொட்டல், குறை செல்லும் கோட்டிலே மட்டும் விசிறியிலைப் பனைகள் வரிசையாக நிற்கின்றன. நம் வடலிக் காட்டை நூல் பிடித்து நட்டாற் போன்ற காட்சி. பனைகளைப் பார்த்தே குறை எங்கே செல்கிறது என்று காட்டிவிடலாம்.

ஈரான் நாட்டின் தென்கிழக்கிலே பாம் என்றொரு நகரம். பாலையின் நடுவே பேரீச்சஞ் சோலைகளால் சூழப்பட்டது. அங்கும் ஒரு குறைத்தொகுதி நீர்புகாத படைகளை மேலே தூக்கி நிறுத்தி, நிலத்தின் கீழே ஓர் அணை போலாக்கியது. அதற்குப் பின்னே தேங்கிய நீரைக் ‘கனாத்து’ என்னும் நெடிய சுரங்க வாய்க்கால்களால் ஊருக்குக் கொணர்ந்து அம்மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். குறை இல்லையேல் நீர் இல்லை. நீர் இல்லையேல் நகர் இல்லை.

2003 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் விடியற்காலை, அந்நகரை ஒட்டிய குறைத்தொகுதி அசைந்தது. மண்கல்லாற் கட்டிய வீடுகள் உறங்கிக் கிடந்தவர்மேல் சரிந்தன. ஏறக்குறைய 26,000 மக்கள் மாண்டனர். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் ஊட்டிய நிலமே அன்று எமனாயிற்று.

நாளைக் கவனித்தீர்களா? அன்றிலிருந்து சரியாக ஓராண்டு கழித்து, 2004 திசம்பர் 26 ஞாயிறு, பூரணை நாள். சுமத்திராவுக்கு அருகே கடலடியில் ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளமான குறை ஒன்று பெயர்ந்தது. அதன் பின் நம் கரைக்கு வந்தது என்னவென்று காரைதீவாருக்கும், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை மக்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் வெறுமையாகிப் போன வளவுகள் சொல்லும்.

நம் மணலின் கிண்ணம்

அந்நாளில் உயிர்களோடு கிணறுகளும் போயின என்பதை இளந்தலைமுறையினர் அறிதல் வேண்டும். தப்பியவர்கள் தாகத்தோடு கிணற்றடிக்குச் சென்றபோது அங்கே கடல்நீரே நின்றது. அக்கிணறுகளின் கதையை விளங்கிக் கொள்ள நம் காலடி மணலைப் பார்ப்போம்.

நம் கரையிலே ஆழ்ந்த அடையல் வடிநிலம் இல்லை. வன்பாறையின் மேலே கடலும் காற்றும் குவித்த மணற்படை ஒன்றே உண்டு. கிழக்கே கடல், மேற்கே வயலும் தாழ்நிலமும். ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மாரி மழை அம்மணலில் இறங்குகிறது. மணலின் அடியிலோ கடலின் உவர்நீர் ஊறி நிற்கிறது. நன்னீர் உவர்நீரை விட இலேசானது. ஆதலின் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கேணியில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதும் இவ்வியல்பினாலேயே.

இம்மிதப்புக்கு ஒரு கணக்குண்டு. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் ஒருவரும், 1901 இல் யேர்மானியர் ஒருவரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பதே அது. கேட்க மகிழ்ச்சியாயிருக்கிறது. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை அரையடி தாழ்த்திவிட்டால், நாளடைவில் அடியிலிருந்து இருபதடி உவர்நீர் மேலேறும்! வைகாசியிற் கண்ணகியம்மன் குளிர்த்தி முடிந்து, கச்சான் காற்று வீசும் ஆனி ஆடி மாதங்களில் சில கிணறுகள் சற்றே கரிப்பதன் இரகசியம் இதுவே.

ஆழிப்பேரலைக்குப் பின் பலரும் நல்லெண்ணத்தோடு இயந்திரங்களைக் கொணர்ந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தனர். உவர் குறையவில்லை, சில இடங்களிற் கூடவும் செய்தது. கிழக்குக் கரையில் ஆய்ந்தவர்கள் காரணத்தை விளக்கினர். மணல் முழுவதும் கடல்நீர் ஊறிக் கிடக்கையிற் கிணற்றை மட்டும் வெறுமையாக்கினாற் சுற்றிலுமுள்ள உவர் உள்ளே வரும்; மிஞ்சியிருந்த மெல்லிய நன்னீர் வில்லையும் கலங்கிக் குழம்பும். சேற்றை அகற்ற அளவாக இறைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதே வழி என்றனர். அடுத்தடுத்த மாரிகள் அக்கிணறுகளை மெல்ல மெல்ல மீட்டுத் தந்தன. இயந்திரம் செய்ய மாட்டாததை மழையும் பொறுமையும் செய்தன.

இந்நிகழ்ச்சியிலே நம் கரையின் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரிகின்றன. சிறிய கிண்ணம் எளிதிற் கெடும். எளிதிற் தேறவும் தேறும். சகாராவின் பெருங்கிண்ணம் வற்றினால் இன்னொரு பசுமையுகம் வரவேண்டும். நம் கிண்ணத்துக்கு ஒரு நல்ல மாரி போதும். அந்நாட்டார்க்கு இருப்பது முதுசொம். நமக்கு இருப்பது தேட்டம். வரவுக்குள் வாழும் குடும்பம் ஏழையாயினும் கடன்படாது.

செய்யத்தக்கவை

இப்போது குழாய்நீர் நம் ஊர்களுக்கு வந்திருக்கிறது. அதனால் கிணற்றை மறந்துவிடும் மனப்பான்மையும் உடன் வந்திருக்கிறது. குழாய் தடைப்படும் நாளில் அயல்வீட்டுக் கிணறே துணை என்பதை மறவாதிருப்போம். ஆழத் துளைத்தால் நல்ல நீர் கிடைக்கும் என்ற எண்ணம் பாறைநாட்டிற் சில இடங்களுக்குப் பொருந்தலாம். கடற்கரை மணலுக்குப் பொருந்தாது. இங்கே ஆழம் செல்லச் செல்ல உவர்தான் வரும். சீமெந்துக் கொட்டு இறக்கிய ஆழமில்லாக் கிணறே நம் நிலத்துக்கு ஏற்றது. மின்பம்பியை ஒரே மூச்சில் நெடுநேரம் ஓடவிடாது, சிறிது சிறிதாக இறைப்பதே நன்று. மணல் நீரை விரைவாக உள்ளே விடும். அவ்வாறே அழுக்கையும் விடும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே போதிய தூரம் வேண்டும். முற்றம் முழுவதையும் சீமெந்து பூசி மூடினால், வரவு வரும் வாசலை நாமே அடைத்தவராவோம். கடற்கரை மணலை அள்ளி விற்பவர்கள் மணலோடு பாத்திரத்தையும் விற்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்வோம். அறிவியலைத் தமிழிற் சொல்ல உழைத்த விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலே அது பொருத்தமானதுமாகும். உங்கள் கிணற்றிலே ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு, மாதம் ஒரு முறை நீர்மட்டத்தை அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வாருங்கள். கடற்கரை வீட்டுப் பிள்ளையும் வயலோரத்துப் பிள்ளையும், தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் அக்குறிப்புகளை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். வேலிகளும் மதில்களும் நிலத்தின் மேலேதான் நிற்கின்றன. கீழே மிதக்கும் நன்னீர் வில்லை காரைதீவுக்கும் சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் எல்லை போட்டுக் கொள்வதில்லை. ஒரு வீட்டார் மிகுதியாக இறைத்தால் அடுத்த வீட்டாரின் கிணறும் உவர்க்கும். ஒரு வளவிலே இறங்கிய மழை அடுத்த வளவையும் வாழ்விக்கும்.

கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாறை பிளந்தும் பெயர்ந்தும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பாத்திரத்தைத் தந்திருக்கிறது. சிலருக்குக் கிடைத்தது பெரிய கொப்பரை. நமக்குக் கிடைத்தது ஒரு சிறு சிரட்டை. சிரட்டையானாலும் ஆண்டுதோறும் நிரம்புகின்ற சிரட்டை. அதனை ஓட்டையாக்காமல் அடுத்த தலைமுறையின் கையிற் கொடுப்பது நம் கடன்.